தூளியில் வைத்து அமுக்காதீர்கள்

கேள்வி: மகளும் மருமகனும் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிடறாங்க. ஏழு மாசப் பேரன் என்கிட்டத்தானுங்க. திடீர்னு மூச்சுப்பேச்சில்லாமக் கெடந்தா என்ன பண்றதுங்க? தலைகீழாப் புடிச்சுத் தட்டச் சொல்றாங்களே?
- வாசகி, ஊத்துக்குளி

பதில்: தலைகீழாகப் பிடிக்கவும் வேண்டாம், உலுக்கவும் வேண்டாமுங்க அம்மா. உள்ளங்காலில் தட்டிக் கூப்பிடுங்கள். அசைவில்லையென்றால் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பத்து விநாடிக்குள் பார்த்துவிடுங்கள். எப்போதாவது ஒருமுறை வாயைப் பிளந்து இழுப்பது மூச்சுக் கணக்கில் சேராது. மூச்சில்லையென்றால் 108-ஐ அழைத்து, போனை ஸ்பீக்கரில் போட்டுக் கீழே வையுங்கள். போன் கைக்கெட்டாவிட்டால் முதலில் இரண்டு நிமிடம் முதலுதவி (கீழே சொல்லும் நெஞ்சமுக்கலும் ஊதலும்), பிறகு குழந்தையோடு போய் எடுங்கள்.

நெஞ்சை அமுக்கக் குழந்தையை மல்லாக்கக் கிடத்தத் திண்ணையோ சிமெண்ட் தரையோதான் சரி. தூளியிலும் மெத்தையிலும் அமுக்கினால் பஞ்சுதான் அமுங்கும். இரு கைகளாலும் மார்பைச் சுற்றிப் பிடித்து, முலைக்காம்புகளுக்குச் சற்றுக் கீழே நடு எலும்பில் இரு கட்டைவிரலையும் வைத்து 4 செ.மீ. ஆழம் அமுக்குங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 வேகம். ஒவ்வொரு முறையும் முழுசாக விட வேண்டும். அப்போதுதான் இதயத்தில் ரத்தம் நிரம்பும். பலர் கற்றிருக்கும் இரண்டு விரல் முறையில் போதிய ஆழம் கிடைப்பதில்லை. அமெரிக்க இதயச் சங்கத்தின் 2025 வழிகாட்டுதல் அதைக் கைவிட்டுவிட்டது. சுற்றிப் பிடிக்கக் கை எட்டாவிட்டால் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் அமுக்கலாம்.

30 அமுக்கலுக்கு 2 ஊதல். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மூச்சு நின்றுதான் இதயம் நிற்கிறது என்பதால் ஊதலை விட்டுவிடக் கூடாது. தவறு நடப்பதும் இங்கேதான். குழந்தைக்குப் பிடரி பெரிது. சும்மா படுக்க வைத்தால் தாடை நெஞ்சில் இடித்து மூச்சுக்குழாய் மடங்கும். பெரியவர்களுக்குச் செய்வதுபோல் தலையை ரொம்பச் சாய்த்தாலும் அடைபடும். மூக்கு நேரே விட்டத்தைப் பார்க்கட்டும். தோளுக்கடியில் ஓர் ஈரிழைத் துண்டை மடித்து வைத்தால் தலை நிற்கும். வாயையும் மூக்கையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, கன்னத்தில் அடக்கிய காற்றை மட்டும் ஒரு விநாடி ஊதுங்கள். நெஞ்சு எழும்பினால் போதும். பலமாக ஊதினால் காற்று வயிற்றுக்குப் போய்ப் பால் மேலேறும். எழும்பாவிட்டால் தலையைச் சரிசெய்து ஊதுங்கள். குழந்தை மூச்சுவிடும் வரை, அல்லது 108 ஆட்கள் கையில் வாங்கும் வரை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: கடலைக்காய்ப் பருப்பு தொண்டையில் அடைச்சுட்டா? - அதே வாசகி

பதில்: இருமி அழுதால் விடுங்கள், அதுவே தள்ளிவிடும். சத்தமே வராவிட்டால் முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து தட்டு. பிறகு மல்லாக்கத் திருப்பி, முன்சொன்ன இடத்தில் உள்ளங்கை அடியால் ஐந்து அழுத்தம். வெளியே வரும்வரை மாற்றி மாற்றி. ஒரு வயதுக்குள் வயிற்றை அமுக்கக் கூடாது, ஈரல் கிழியலாம். நினைவு போனால் மேலே சொன்ன முதலுதவிதான். ஒவ்வொரு ஊதலுக்கு முன்பும் வாயைத் திறந்து பார்த்து, கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் எடுங்கள். தெரியாமல் விரலை விட்டுத் துழாவினால் பருப்பு இன்னும் உள்ளே போகும்.