கெர்ஷாவின் ஓய்வு – 2025 செப்டம்பர் கடிதம்

வணக்கம்.

அமெரிக்க பேஸ்பாலில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் அணியின் பிட்சர் (பந்து வீசுபவர்) கிளேட்டன் கெர்ஷா 2025 சீசனோடு ஓய்வு பெறுவதாக செப்டம்பர் 18 அன்று அறிவித்துவிட்டார். இங்கே என் அலுவலகமே இழவு வீடு மாதிரி இருக்கிறது. நான் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன். மற்றவர்கள் 98, 100 மைல் வேகத்தில் வீசும்போது இவர் 90-ஐத் தொடவே சிரமப்படுகிறார். ஆனாலும் 2025-ல் இதுவரை 10 வெற்றி, 2 தோல்வி. எப்படி? பிளேஆஃபில் (சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) சொதப்புவார் என்கிறார்களே, அது உண்மையா?

செந்தில்

அன்புள்ள செந்தில்,

வேகக் காட்டியைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவர் கையைப் பாருங்கள். கெர்ஷாவின் பிழைப்பு மூன்று பந்துகளில்தான்: வேகமாக நேரே போகும் ஃபாஸ்ட்பால், கடைசியில் விலகி இறங்கும் ஸ்லைடர், மெதுவாக வந்து வளைந்து விழும் கர்வ். நம் ஸ்லோ பாலுக்கு இணையான சேஞ்சப் அவருக்குக் கடைசிவரை படியவே இல்லை. சமீபமாக ஸ்ப்ளிட்டர் (இரு விரல்களைப் பிரித்துப் பிடித்து வீசுவது) மாதிரி ஒன்றை இடையிடையே வீசிப் பார்க்கிறார், அவ்வளவுதான்.

அவர் கை ஏறக்குறைய செங்குத்தாக, தலைக்கு மேலிருந்து வருகிறது. அதனால் ஃபாஸ்ட்பால் நேர் பின்சுழற்சியோடு போகும். பேட்டர் எதிர்பார்க்கும் அளவுக்கு இறங்காது. கர்வ் அதே அச்சில் நேர் எதிராக, முன்பக்கமாகச் சுழலும். அச்சு ஒன்றே என்பதால் தையல் ஓடுவதைப் பார்த்து எது எதுவென்று பிரிப்பது கடினம். 2025-ல் ஃபாஸ்ட்பால் சுமார் 89 மைல், கர்வ் 72 சொச்சம். பேட்டர் முன்னாலுள்ள தட்டை (ஹோம் பிளேட்) அடைவதில் பத்தில் ஒரு விநாடி வித்தியாசம். பேட்டைச் சுழற்றுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கவே அவனுக்குக் கால் விநாடிகூட இல்லை.

கர்வில் ஒரு ஆபத்து உண்டு. கையை விட்டதும் பந்து கொஞ்சம் மேலெழும்பித்தான் இறங்கும். அந்த எழும்பலைப் பேட்டர் பிடித்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. அதை மறைப்பதற்குத்தான் இடுப்புக்கு மேலே ஒரு ஃபாஸ்ட்பாலை அவ்வப்போது காட்ட வேண்டியிருக்கிறது. அது அடிபட்டாலும் பரவாயில்லை என்று வீசத் துணிவு வேண்டும்.

ஆனால் இன்று அவருக்குச் சோறு போடுவது ஸ்லைடர். 2009-ல் சேர்த்துக்கொண்டது. ஃபாஸ்ட்பாலைவிட நாலைந்து மைல்தான் குறைவு, கடைசி நேரத்தில் இறங்கும். வலக்கை பேட்டரின் பின்முழங்காலை நோக்கிப் போனால் வெறும் காற்றை அடிப்பான். களைப்பில் விரல்கள் பந்தின் மேலிருந்து பக்கவாட்டுக்கு வழுக்கினால் அதே பந்து இறங்காமல் இடுப்புயரத்தில் தொங்கும். அவர் வாங்கிய பெரிய அடிகளில் சில அப்படித் தொங்கியவைதான்.

பிளேஆஃப் விஷயத்துக்கு இங்கிருந்தே வரலாம். 2014-ல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் 10 ஸ்ட்ரைக் அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றுவது) எடுத்தவர், ஏழாவது இன்னிங்ஸில் (மொத்தம் ஒன்பது) சரிந்து மொத்தம் 8 ரன் கொடுத்தார். நான்காவது ஆட்டத்தில் மூன்றே நாள் ஓய்வில் மறுபடி இறக்கினார்கள். ஏழாவது இன்னிங்ஸில் மாட் ஆடம்ஸ் ஒரு கர்வைத் தூக்கி வெளியே அடித்தார். 2019-ல் வாஷிங்டனுக்கு எதிராக எட்டாவது இன்னிங்ஸில் ரெண்டன், சோட்டோ இருவரும் அடுத்தடுத்த இரண்டு பந்துகளில் ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி). 2014-ல் இரண்டு தடவையும் பேட்டர்கள் அதே ஆட்டத்தில் மூன்றாவது முறையாக அவரைச் சந்திக்கிறார்கள். ஏழாவது, எட்டாவது இன்னிங்ஸிலும் மேனேஜர் அவரையே நம்புகிறார். சமாதானத்துக்கு இது போதும் என்றும் சொல்ல மாட்டேன்: பந்தை வீசியவர் அவர்தான், அவரும் அதை மறுத்ததில்லை. 2020 உலகத் தொடரில் (கோப்பைக்கான இறுதிச் சுற்று) டாம்பா பே அணிக்கு எதிராக இரண்டு ஆட்டங்களை வென்றதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அலுவலக நண்பர்களின் துக்கத்துக்குக் காரணம் பந்து மட்டுமல்ல. 2008-லிருந்து 18 சீசனும் ஒரே அணி. சிறந்த பிட்சருக்கான சை யங் விருது மூன்று முறை, 2014-ல் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான எம்விபி. அதே ஆண்டு ஜூன் 18 அன்று கொலராடோ அணியை ஒரு ஹிட்கூட (அடித்து பேஸை எட்டுவது) எடுக்கவிடவில்லை: 15 ஸ்ட்ரைக் அவுட், ‘வாக்’ (நான்கு தவறான பந்துகளால் பேட்டர் சும்மாவே பேஸுக்குப் போவது) ஒன்றுகூட இல்லை, ஹான்லி ராமிரெஸின் எறிதல் பிழையால் மட்டும் ஒருவர் பேஸுக்குப் போனார். 2023 நவம்பரில் தோள் அறுவை, மறு நவம்பரில் முழங்காலிலும் பாதத்திலும். அதற்குப் பிறகு வந்துதான், 2025 ஜூலை 2 அன்று 3000-ஆவது ஸ்ட்ரைக் அவுட். அந்த எண்ணைத் தொட்ட இடக்கையர்கள் அவருக்கு முன் மூன்றே பேர்: கார்ல்டன், ராண்டி ஜான்சன், சபதியா.

2025 சீசனில் மிச்சமிருக்கும் ஆட்டங்களை மைதானத்தில் பார்ப்பதானால் பக்கவாட்டு இருக்கைகளில் உட்காராதீர்கள், அங்கிருந்து பந்து தட்டின் எந்தப் பக்கம் போகிறதென்று தெரியாது. கேட்சருக்கு (நம் விக்கெட் கீப்பர் மாதிரி) பின்னால் இடம் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் டிவியே மேல், சென்டர் ஃபீல்ட் கேமராவில் எல்லாம் தெரியும். இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, வலக்காலை உயர்த்தி இறக்கும்போது தரைக்குச் சற்று மேலே ஒரு கணம் நிறுத்துவார். அந்த நிறுத்தத்தில் பேட்டரின் முன்காலைப் பாருங்கள். அது முந்திக்கொண்டு ஊன்றிவிட்டால் அடுத்து கர்வ் வந்தால் அவன் கதி அவ்வளவுதான். ஐந்தாவது இன்னிங்ஸுக்கு மேல் ஸ்லைடர் பெல்ட் உயரத்தில் இரண்டு முறை வந்தால் மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும், அரங்கம் முழுக்க எழுந்து நின்று கைதட்டிக்கொண்டிருந்தாலும்.