கணக்கில் வராத ஆள்

கேள்வி: எங்கள் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் செயலாளர். ஆடு வளர்க்கும் வாழ்வாதார உதவிக்குப் பத்துக் குடும்பங்களைத் தெரிவு செய்து தரச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் இருக்கவேண்டும் என்பது நிபந்தனை. தனியே இருக்கும் ஓர் ஆச்சிக்காக, பேரப்பிள்ளைகள் அவரோடு இருப்பதாக எழுதிவிட்டேன். இப்போது குட்டி விற்ற காசில் மருந்து வாங்குகிறார். அண்மையில் தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' வாசித்ததிலிருந்து மனம் குழம்பியிருக்கிறது. நல்ல எண்ணத்தில் செய்ததால் சரியா, நல்லதாக முடிந்ததால் சரியா, இல்லை இரண்டும் சாட்டுத்தானா?
- வாசகர், கிளிநொச்சி மாவட்டம்

பதில்: தம்பி, கோடரியால் இரண்டு பேரைக் கொன்றவனையும் படிவத்தில் ஒரு வரி பொய் எழுதிய உங்களையும் ஒரே தராசில் வைக்க நான் வரவில்லை. நீங்களும் வைக்கவேண்டாம். ஆனால் அந்த நாவல் உங்களைக் குடைவதில் நியாயம் இருக்கிறது.

அந்த நாவலின் நாயகன் ரஸ்கோல்னிகோவ் போட்ட கணக்கு என்ன? அடகு பிடிக்கும் கிழவி ஒருத்தி, ஒருவருக்கும் பிரயோசனமில்லை, அவளுடைய காசு கிடைத்தால் எத்தனையோ குடும்பம் தப்பும். காப்பைக் கழற்றி அடகு வைத்த எங்கள் சனத்துக்கும் அவள்மேல் பெரிதாக இரக்கம் வராதுதான். ஆனால் அவளைக் கொன்ற கையோடு, ஏழு மணிக்கு வீட்டில் இருக்கமாட்டாள் என்று அவன் நம்பிய அவளுடைய தங்கை லிஸாவெதா வந்துவிடுகிறாள். கோடரியைக் கண்டும் முகத்தை மறைக்க அவளுக்குத் தோன்றவில்லை. வெறும் இடக்கையைக் கொஞ்சம் தூக்குகிறாள், அவ்வளவுதான். அக்காவிடம் அடி வாங்கி உழைத்த ஏழை அவள். யாருக்காகக் கணக்குப் போட்டானோ அவர்களில் ஒருத்தி.

உங்கள் பட்டியலில் விடுபட்ட பதினோராவது பெயர் யாருடையது? ஆச்சியின் மருந்து வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள், அந்தக் குடும்பத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. 2009க்குப் பிறகு மீளக்குடியேறியவர்களுக்கு வீடு, மலசலகூடம், கிணறு என்று எல்லாமே பட்டியலில்தான் வந்தன. பெயர் விடுபட்டால் எப்படி இருக்கும் என்று வன்னியில் உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

எண்ணம் நல்லதுதான், சந்தேகமில்லை. ஆனால் தத்துவக்காரர்கள் சொன்னதில் ஊர்ச் சங்கத்துக்கு உதவக்கூடியது ஒன்று உண்டு. மற்றவரின் உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளியே சொன்னால் அந்தச் செயல் நடக்காது என்றால், அது நியாயமில்லை என்ற கருத்தை ஜெர்மன் தத்துவஞானி இம்மானுவேல் கான்ட் 1795இல் எழுதினார். "ஆச்சிக்கு ஒருவரும் இல்லை, நிபந்தனைதான் பிழை, அவரையும் சேர்ப்போம்" என்று கூட்டத்தில் எழும்பிக் கேட்டிருக்கலாம். சனம் ஒத்துக்கொண்டும் இருக்கலாம். நீங்கள் ஒருவரையும் கேட்கவில்லை. என் பார்வையில் பிழை அங்கேதான்.

விளைவை வைத்துத் தீர்ப்புச் சொல்வதும் லேசில்லை. ரஸ்கோல்னிகோவ் எடுத்த பணப்பையைத் திறந்தும் பாராமல் ஒரு கல்லுக்கடியில் ஒளித்துவிடுகிறான். உள்ளே 317 ரூபிள் 60 கோபெக் இருந்தது வழக்கில்தான் தெரிகிறது, பெரிய தாள்கள் ஈரத்தில் பழுதாகிப் போயிருந்தன. அதே ஆள், தாய் கடன்பட்டு அனுப்பிய காசை, வண்டியில் அடிபட்டுச் செத்தவனின் மனைவிக்குக் கொடுத்துவிட்டு வருகிறான். அதற்கு அவன் எந்தக் கணக்கும் போடவில்லை. கொலையை விட எனக்கு மறக்காத இடம் அதுதான்.

சரி, இனி என்ன செய்யலாம்? ஆட்டைத் திருப்பிக் கேட்கப் போகவேண்டாம், ஆச்சி பொய் சொல்லவில்லை. குற்றத்தை ஒத்துக்கொள் என்று ரஸ்கோல்னிகோவிடம் அவனை நேசித்த ஸோனியா சொன்னதுபோல நாற்சந்தியில் விழுந்து மண்ணைக் கொஞ்சவும் தேவையில்லை. அவன் அப்படிச் செய்தபோது, குடிவெறியில் நிற்கிறான் என்று சனம் சிரித்தது. விடுபட்ட குடும்பத்திடம் போய் நடந்ததைச் சொல்லுங்கள். ஏச்சு விழும், வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த உதவியில் அவர்களுக்கு முதலிடம் கொடுக்கும்படி சங்கத்தைக் கேளுங்கள், காரணத்தையும் மறைக்காமல். ஆனால் அதற்கு முன்னமே தலைவரிடமும், படிவத்தில் ஒப்பமிட்ட கிராம அலுவலரிடமும் தனியே கதைத்துவிடுங்கள். அவர்களும் உங்கள் எழுத்தை நம்பித்தான் கையெழுத்து வைத்தார்கள். கூட்டத்தில் வைத்து முதல் தடவை கேள்விப்பட்டால் கோபம் முழுக்க ஆச்சி மேல் திரும்பும்.