ஆறு மீன்களும் பவானி ஆறும் – கடிதம்

வணக்கம்.

என் வீட்டு மூன்றடித் தொட்டியில் ஆறு மிஸ் கேரளா மீன்கள் இருக்கின்றன. ‘பண்ணை மீன் இல்லை, ஆற்றில் பிடித்தது’ என்று சொல்லிக் கடைக்காரர் கூடுதல் விலைக்குக் கொடுத்தார். அழிவின் விளிம்பில் உள்ள இனம் என்று பிறகுதான் படித்தேன். அன்று முதல் தொட்டிப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது. பவானியில் விட்டுவிடலாமா? இனிமேல் பண்ணை மீன்களை மட்டும் வாங்கினால் போதுமா? என் மனைவியோ, ‘பண்ணையில் பிறந்த மீனுக்கு ஆறு வேண்டாமா?’ என்று கேட்கிறார்.

செ., ஈரோடு

அன்புள்ள செ.,

பவானியில் விடாதீர்கள். மற்றதை ஆற அமரப் பேசலாம், இது மட்டும் அவசரம்.

மிஸ் கேரளா, சாலியாறு, வளபட்டணம், சந்திரகிரி போன்று மேற்கே அரபிக் கடலுக்குப் போகும் ஆறுகளின் மீன். கிழக்கே வந்து காவிரியில் சேரும் பவானிக்கு அது அந்நியம். கேரளத்துக்கே கொண்டுபோனாலும் எந்த ஆற்றில் விடுவீர்கள்? ஆற்றுக்கு ஆறு இவற்றின் மரபு வேறுபடுகிறது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். தொட்டியில் தொற்றிய நோயும் கூடவே போகும். யாரோ இரக்கப்பட்டோ இடமில்லாமலோ விட்ட ‘டேங்க் கிளீனர்’ மீன்கள்தான் இன்று நம் ஏரிகளில் பெருகி, மீனவர்களின் வலைகளைக் கிழிக்கின்றன. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அமேசானின் ராட்சத மீனான அரபைமா வலையில் சிக்கியதையும் செய்திகளில் பார்த்திருப்பீர்கள்.

மிஸ் கேரளாவை 1865இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பிரான்சிஸ் டே. அன்றைய மதராஸ் கவர்னர் டெனிசனின் பெயரை அதற்கு வைத்தார். அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் வெளியுலகம் அதை அதிகம் கண்டுகொள்ளவில்லை. 1997இல் சிங்கப்பூர் அலங்கார மீன் கண்காட்சியில் பரிசு வாங்கியது. அத்தோடு அதன் நிம்மதி போயிற்று. 2005 முதல் 2012 வரை அச்சுறுத்தலுக்கு உள்ளான 30 வகை நன்னீர் மீன்கள் இந்தியாவிலிருந்து 15 லட்சத்துக்கும் மேல் ஏற்றுமதியாயின என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு வகித்த சில மீன்களுள் இதுவும் ஒன்று.

கேரள அரசு சும்மா இருக்கவில்லை. 2008இல் கட்டுப்பாடு கொண்டுவந்து, ஜூன், ஜூலை, அக்டோபர் மாதங்களில் பிடிக்கத் தடை விதித்தது. பின்னால் ஆராய்ந்து பார்த்தால், மீன் முட்டையிடும் காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை! முட்டையிடாத இரண்டு மாதங்கள் பாதுகாப்பு, முட்டையிடும் ஐந்து மாதங்கள் திறந்த வீடு. நல்லெண்ணம் மட்டும் வைத்துக்கொண்டு ஆற்றில் இறங்கினால் இப்படித்தான் ஆகும்.

ஆகவே ஆற்றில் பிடித்த மிஸ் கேரளாவை வாங்கக் கூடாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஆற்றில் பிடித்த மீன் எதையுமே வாங்கக் கூடாது என்றால் நான் உடன்படமாட்டேன். பிரேசிலில் ரியோ நீக்ரோ கரையிலுள்ள பார்செலோஸ் வட்டாரம் பல பத்தாண்டுகளாகக் கார்டினல் டெட்ரா என்ற அலங்கார மீனைப் பிடித்துப் பிழைக்கிறது. மழைக்காலத்தில் ஆறு காட்டுக்குள் ஏறும்போது அந்தக் குட்டி மீன்கள் கோடிக்கணக்கில் பெருகுகின்றன. நீர் வடியும்போது வற்றும் குட்டைகளில் சிக்கிப் பெருவாரியாகச் சாகின்றன. அந்த வெள்ளக் காடு நின்றால்தான் மீன், மீன் இருந்தால்தான் அங்குள்ளவர்களுக்குக் கூலி. அதனால் மரம் வெட்டாமலிருக்க அவர்களுக்கு ஒரு காரணம் இருக்கிறது. ‘மீன் வாங்கு, மரத்தைக் காப்பாற்று’ என்ற முழக்கத்தோடு புராஜெக்ட் பியாபா என்னும் அமைப்பு அங்கே இதற்காகவே இயங்குகிறது. ஆசியப் பண்ணைகள் அதே மீனை மலிவாக விற்கத் தொடங்கியதும் அடிபட்டது அந்த மீனவர்கள்தான். கார்டினல் டெட்ராவில் நான் ஆற்று மீனையே வாங்குவேன்.

மிஸ் கேரளாவுக்கு இந்த வாதம் ஏன் பொருந்தாது? அது ஆண்டுதோறும் கோடிகளில் பெருகி மடிகிற மீன் அல்ல. சில ஆறுகளில், பாறை நிறைந்த ஓடும் நீரில் மட்டும் வாழ்கிறது. அணை, மணல் அள்ளுதல், வெடிவைத்து மீன் பிடித்தல் எல்லாம் ஏற்கெனவே அதை நெருக்கிவிட்டன. கடல் மீன்களின் கதை இன்னும் மோசம். நன்னீர் அலங்கார மீன்களில் பத்துக்கு ஒன்பது பண்ணையில் பிறந்தவை. கடல் மீன்களிலோ பெரும்பாலானவை பவளப் பாறைகளில் பிடித்தவை. பிலிப்பைன்ஸில் சயனைடு பீய்ச்சி மயக்கிப் பிடிக்கும் பழக்கம் 1960களில் தொடங்கியது. கடல் மீன்களில், பண்ணையில் வளர்ந்த கோமாளி மீனைத் தவிர எதையும் வாங்க வேண்டாம் என்பேன்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு நேரடியாகச் சொல்கிறேன்: வேண்டும். பண்ணையில் வளர்த்தால் ஆறு பிழைக்கும்; மீனின் குறை அப்படியே இருக்கும். ஓடும் நீரை எதிர்த்துக் கூட்டமாக நீந்துவது அதன் உடம்பிலேயே இருக்கிறது, எங்கே பிறந்தாலும். ‘தொட்டியில் எதிரி இல்லை, வேளைக்குத் தீனி கிடைக்கிறது, நிம்மதியாக இருக்கிறது’ என்று நம்மைப் போன்ற மீன் வளர்ப்பவர்கள் சொல்வதை நான் நம்புவதில்லை. ஜெயிலிலும் அதெல்லாம் உண்டு.

உங்கள் ஆறு மீன்களையும் நீங்களே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள். கடையில் திருப்பிக் கொடுத்தால் இன்னொருவருக்கு விற்பார்கள். அரையடி வரை வளரும் மீனுக்கு மூன்றடித் தொட்டி போதாது. ஐந்தடியாவது வேண்டும், கூடவே நீரோட்டம் தரும் பம்ப் ஒன்று. கடைக்காரரிடம் ‘ஆற்று மீன் என்பதால்தான் இனி வாங்கமாட்டேன்’ என்று சொல்லிவிட்டு வாருங்கள். கூடுதல் விலை கிடைக்கும் வரை அவர் வரவழைத்துக்கொண்டுதான் இருப்பார். புதுத் தொட்டிக்கு மூடி போட மறக்காதீர்கள், இவை நன்றாகத் தாவும்.