வளாகங்களை எப்போது பார்ப்பது? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாங்கள் அமெரிக்காவில் வசிக்கிறோம். மகள் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறாள். விண்ணப்பிப்பதற்கு முன் பத்து கல்லூரி வளாகங்களையாவது நேரில் பார்த்துவிட வேண்டும் என்று நண்பர்கள் சொல்வதால், கிழக்குக் கரையில் ஆறு, கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் வளாகங்களில் நான்கு என்று கோடை விடுமுறைக்குத் திட்டமிட்டிருக்கிறோம். நேரில் போய் வந்தால் சேர்க்கைக்கு உதவும் என்பது உண்மையா? அங்கே எதைப் பார்க்க வேண்டும்?

கே.

அன்புள்ள கே.,

அது கல்லூரிக்குக் கல்லூரி மாறும். நேரில் வருவது போன்றவற்றால் மாணவர் காட்டும் ஆர்வத்தைக் கணக்கில் கொள்ளும் கல்லூரிகள் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகமும் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகமான எம்.ஐ.டி.யும் அதைப் பார்ப்பதில்லை. பல கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் ‘காமன் டேட்டா செட்’ என்னும் ஆவணத்தின் சி7 பட்டியலில் இது வெளிப்படையாகவே குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே சேர்க்கைக்கு உதவும் என்று எண்ணித்தான் கலிபோர்னியா செல்கிறீர்கள் என்றால், அந்த விமானச் செலவு வீண்.

என்னை அதிகம் உறுத்துவது கோடைத் திட்டம்தான். என் மகனுடன் முதன்முதலாகப் பார்க்கச் சென்ற கல்லூரிக்கு நாங்கள் போனது ஜூலையில். சீராக வெட்டிய புல்வெளியும் மரநிழலில் காலியான பெஞ்சுகளுமாக எல்லாம் விளம்பரப் படம்போல இருந்தது. எங்களைப் பார்த்தபடியே பின்னோக்கி நடந்து பேசிய வழிகாட்டி மாணவி, பதினோரு மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்றார். அக்டோபரில் மீண்டும் சென்றபோது அனுமதி பெற்று முதலாண்டு வேதியியல் வகுப்பில் மகன் உட்கார்ந்தான். ஏறக்குறைய முந்நூறு பேர் இருந்த அந்த அரங்கின் பின்வரிசைகளில் பாதிப் பேர் மடிக்கணினியில் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்களாம். அந்த மாணவி பொய் சொல்லவில்லை. விகிதம் என்பது மொத்த மாணவர் எண்ணிக்கையை மொத்த ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து வருவது. ஒரு வகுப்பில் எத்தனை பேர் இருப்பார்கள் என்பதை அது சொல்லாது. வகுப்புகளின் அளவு அதே ஆவணத்தின் ஐ3 பகுதியில் இருக்கிறது. அதை முன்பே படித்திருந்தால் எங்களுக்கு ஒரு பயணம் மிச்சமாகியிருக்கும்.

பதினாறு வயதுப் பிள்ளைக்கு எந்தக் கல்லூரி பிடிக்கும் என்பதைவிட, எத்தகைய கல்லூரியில் நான்கு ஆண்டுகள் இருக்க முடியும் என்பதே விண்ணப்பிக்கும் முன் தெரிய வேண்டியது. அதற்குப் பத்து வளாகங்கள் தேவையில்லை. காரில் போய்வரும் தொலைவில் ஒரு பெரிய அரசுப் பல்கலைக்கழகம், ஒரு சிறிய லிபரல் ஆர்ட்ஸ் கல்லூரி (கலை, அறிவியல் துறைகளில் பரந்த இளநிலைப் படிப்பைத் தருவது), நகர நடுவே வளாகத்துக்கும் தெருவுக்கும் வேறுபாடு தெரியாத ஒன்று என மூன்றை, வகுப்புகள் நடக்கும் நாட்களில் காட்டுங்கள்; அவை புகழ்பெற்றவையாக இருக்க வேண்டியதில்லை. கட்டணத்தை அறிய எங்கும் போகவே வேண்டாம்: கூட்டரசின் நிதியுதவித் திட்டத்தில் உள்ள கல்லூரிகள் உதவித்தொகை போக நாம் கட்ட வேண்டியது ஏறத்தாழ எவ்வளவு என்று காட்டும் நிகரக் கட்டணக் கணிப்பானைத் தம் தளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் விதி.

வளாகத்தில் வழிகாட்டியுடன் சுற்றி முடித்த பிறகுதான் பார்க்க வேண்டியது தொடங்குகிறது. மகள் படிக்க விரும்பும் துறையின் நடைக்கூடத்தில் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள். பேராசிரியர்களின் கதவில் மாணவரைச் சந்திக்கும் நேரம் ஒட்டியிருக்கிறதா, அந்த நேரத்தில் கதவு திறந்திருக்கிறதா, அறிவிப்புப் பலகையில் இருப்பவை இந்தப் பருவத்துத் தாள்கள்தானா என்பவை எந்தக் கையேட்டிலும் இரா. உணவுக்கூடத்தில் இருக்கும் மாணவர்களிடம், சேர்ந்த பின் கணினி அறிவியலுக்கு மாற முடியுமா என்று அவளே கேட்கட்டும். பல பல்கலைக்கழகங்களில் அது எளிதன்று, அதைச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்பவர்கள் நிறைய. நாம், என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், வேலைவாய்ப்புக் கேள்விகளால் வழிகாட்டியைத் துளைத்தெடுத்துக்கொண்டிருப்போம். பிள்ளை பத்தடி தள்ளி நின்று செல்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும். பெற்றோர் ஒரு மணி நேரம் வேறெங்காவது போய்விடுவது நல்லது.

டிக்கெட் இன்னும் எடுக்கவில்லையென்றால் கலிபோர்னியாவை அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குத் தள்ளி வையுங்கள். பெரும்பாலான முடிவுகள் மார்ச் இறுதிக்குள் வந்துவிடும், பதில் சொல்ல வழக்கமாக மே 1 வரை அவகாசம் உண்டு. அப்போது இடம் கிடைத்த வளாகங்களை மட்டும் பார்த்தால் போதும், வகுப்புகளும் நடந்துகொண்டிருக்கும்.