ஒட்டகத்துடன் மூன்று நாட்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

தார் பாலைவனத்தில் ஒட்டகத்துடன் ஐந்து நாட்கள் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதியிருந்ததைப் படித்துவிட்டுத்தான் சென்ற ஜனவரியில் நானும் என் கணவரும் ஜெய்சல்மேருக்குச் சென்றோம். மூன்று பகல், இரண்டு இரவு என்று ஏற்பாடு செய்துகொண்டோம். உண்மையைச் சொன்னால் ஏமாற்றத்துடன்தான் திரும்பினோம். மணல்மேடு என்று சொல்லத்தக்க ஓர் இடத்தை ஒரே ஒரு மாலையில்தான் பார்த்தோம். மற்ற நேரமெல்லாம் முட்புதர், கல்தரை, ஆட்டுமந்தை, காற்றாலை, அலைபேசிக் கோபுரம். ஆளே இல்லாத வெட்டவெளி என்று எண்ணிப் போன இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு குடிசையாவது தென்பட்டது.

அதைவிட என்னை வருத்தியது ஒட்டகம். எழுப்பும்போதெல்லாம் அது அலறியது. மூக்கில் துளையிட்டு, கட்டையைச் செருகி, அதில் கயிறு கட்டியிருந்தார்கள். நாம் ஊர் பார்ப்பதற்காக ஓர் உயிரை இப்படி வதைக்கலாமா என்ற கேள்வி இன்னும் என்னை விட்டு அகலவில்லை. இப்போது 66 வயதாகும் என் அப்பா, உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு, தானும் நான்கு நாட்கள் போகவேண்டும் என்கிறார். அவரைத் தடுப்பதா, அனுப்புவதா? உங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்,

உங்கள் கடிதம் இரண்டு குறைகளைச் சொல்கிறது. ஒன்று நிலத்தைப் பற்றியது, மற்றொன்று விலங்கைப் பற்றியது. முதலாவதில் உங்களோடு நான் உடன்படவில்லை. இரண்டாவதில் பெரும்பகுதி உடன்படுகிறேன்.

தார் என்றதும் நம் மனதில் எழும் காட்சி, ஜெய்சல்மேருக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் உள்ள சாம் என்ற ஊரின் மணல்மேடுகளில் எடுக்கப்பட்ட படங்களிலிருந்து வந்தது. அந்த மேடுகளைச் சுற்றிக் கூடாரங்களும் ஜீப்புகளும் இரவுநேர ஆட்டபாட்டமும் பெருகிவிட்டன. ஆனால் ஜெய்சல்மேர் மாவட்டத்தின் பெரும்பகுதி சரளைக்கல் பரவிய சமவெளியும், புல்லும் புதரும் வேர்பிடித்ததால் நகராமல் நின்றுவிட்ட மணலும்தான். ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரைக்கூட எட்டாத மழையை வைத்துக்கொண்டு மக்கள் அங்கே பல நூற்றாண்டுகளாக வாழ்ந்து வருகிறார்கள். உலகின் பாலைநிலங்களில் மக்கள் மிக நெருக்கமாக வாழும் நிலம் தார்தான் என்பதால், மணிக்கொரு குடிசை தென்பட்டதில் வியப்பில்லை. அந்தக் குடிசைகளைப் பார்க்கத்தான் நான் போனேன்.

மழைநீரை அவர்கள் கையாளும் விதம் ஒன்றே ஒரு பயணத்துக்குப் போதுமானது. பாறைச்சரிவில் விழும் நீர் ஓடிவந்து சேரும் தாழ்வில் நீண்ட மண்கரை எழுப்பித் தேக்கி, நீர் வற்றியதும் அந்த ஈரத்தில் கோதுமையும் கொண்டைக்கடலையும் விதைக்கிறார்கள். ‘கடீன்’ என்று பெயர். இன்று பாழடைந்து கிடக்கும் குல்தாராவில் வாழ்ந்த பாலிவால் அந்தணர்கள் இதில் பெயர்பெற்றவர்கள். வண்டியில் போகிறவருக்கு அந்தக் கரை ஒரு சாதாரண மண்திட்டு. ஒட்டகத்தின் நடையில் போகும்போதுதான், காலையில் கடந்த பாறைச்சரிவும் நண்பகலில் வந்துசேர்ந்த பசும்வயலும் ஒரே அமைப்பின் இரு முனைகள் என்பது கண்ணுக்குத் தெரியவருகிறது. அந்த இரண்டு மணி நேர நடைதான் எனக்கு அதைக் கற்றுக்கொடுத்தது.

நீங்கள் முட்புதர் என்று ஒரே சொல்லில் கடந்துவிட்ட செடிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். அங்கே கேஜ்ரி என்று கும்பிடப்படும் மரம் நம்முடைய வன்னிமரமே. விருத்தாசலம் கோவிலின் தலமரம் அது. 1730ஆம் ஆண்டு, ஜோத்பூர் அரசரின் ஆட்கள் வெட்ட வந்தபோது, கேஜர்லி என்ற ஊரில் பிஷ்னோய் மக்கள் 363 பேர் கட்டிப்பிடித்து உயிர்விட்டது இந்த மரத்துக்காகத்தான். அதன் இலை ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் தீனி, இளங்காய் உலர்ந்தால் மனிதருக்குக் கறி. ஆக் என்று அவர்கள் சொல்வது எருக்கு, ஜால் என்பது சங்கப் பாடல்களில் வரும் உகாய் மரத்தின் இனம். வேறொரு நாட்டுக்கு வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, இரண்டாம் நாள் எருக்கம்பூவை அடையாளம் கண்டபோது ஏற்பட்ட நெருக்கத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

பல நாள் பயணம் எதைத் தருகிறது என்று கேட்டால், ஒரு விடியற்காலையைத்தான் நான் சொல்வேன். இரவில் ஒட்டகங்களின் முன்னங்கால்கள் இரண்டையும் ஒரு முழக் கயிற்றால் தளைத்து மேயவிட்டுவிடுவார்கள். தளைபூட்டிய கால்களோடும் அவை இரண்டு மூன்று கிலோமீட்டர் போய்விடும். எங்களை அழைத்துச்சென்ற பெரியவர் இருள் பிரியும் முன் எழுந்து, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு தேடப் புறப்பட்டார். நானும் கூடவே போனேன். ஈரப்பதம் ஏறி மேல்மணல் இறுகியிருந்த நேரம் அது. ஒட்டகத்தின் தடம் குளம்புபோல ஆழ்ந்து பதிவதில்லை, வட்டமான அப்பத்தை மெல்ல வைத்து எடுத்ததைப்போல, முன்விளிம்பில் இரு நகக்குறிகளோடு படிகிறது. தளையிட்ட முன்னங்கால் தடங்கள் நெருங்கி நெருங்கி விழுந்திருந்தன. நான்கைந்து ஒட்டகங்களின் தடங்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கலந்து கிடந்த இடத்தில் பெரியவர் குனிந்து, ஒன்றை விரலால் சுற்றி வரைந்து, “இது என்னுடையது, இடது பின்னங்காலை வெளியே திருப்பி வைப்பான்” என்றார். அதன் ஓரத்தில் ஒரு வண்டு நடந்துபோன நூல்போன்ற கோட்டைக் காட்டி, வண்டு பிறகுதான் போயிருக்கிறது, ஆகவே ஒட்டகம் நள்ளிரவுக்கு முன்பே இவ்வழியே போயிருக்கும் என்றார். அரைமணி நேரத்துக்குப் பின் ஒரு வன்னிமரத்தடியில் அதைக் கண்டோம். முள்ளுக்கு நடுவே மேலுதட்டை விரல்போல நுழைத்து இலையை மட்டும் உருவிக்கொண்டிருந்தது.

அதே பயணத்தின் நான்காம் நாள், வழியில் வெளுத்துக் கிடந்த ஓர் எலும்பை அந்த ஒட்டகம் கவ்வி, நெடுநேரம் மென்றுகொண்டே நடந்தது. புல் தின்னும் விலங்கு எலும்பைத் தின்னுமா என்று திகைத்தேன். மேய்ச்சலில் பாஸ்பரஸ் குறையும்போது ஒட்டகங்கள் எலும்பை மெல்லும் என்பது கால்நடை மருத்துவர்கள் அறிந்த செய்தி. அகநானூற்றில், பாலைவழியில் உலர்ந்து கிடக்கும் வெள்ளெலும்பு ஒட்டகத்தின் பசியைத் தீர்க்கும் என்று ஒரு பாடல் சொல்கிறது. அதைக் கவிஞரின் மிகைக்கூற்று என்று ஆண்டுக்கணக்கில் எண்ணியிருந்தேன். அப்பாடலை எழுதியவரோ, அவருக்குச் சொன்னவரோ, ஒட்டகத்தின் பின்னால் நாட்கணக்கில் நடந்தவராகத்தான் இருக்கவேண்டும்.

இனி உங்கள் இரண்டாவது குறை. ஒட்டகம் எழும்போதும் அமரும்போதும் சேணம் ஏற்றும்போதும் குரலெழுப்பும் விலங்கு. முதுகில் ஒன்றுமே இல்லாதபோதும் அப்படித்தான் கத்தும். எனவே அந்த அலறல் அனைத்தும் வலியின் குரல் என்று கொள்ளவேண்டாம். மேலும் நீங்கள் சென்றது ஜனவரி. குளிர்காலம் ஆண் ஒட்டகங்களுக்கு மதம்பிடிக்கும் பருவம். அப்போது அவை பல்லைக் கடித்து நுரைதள்ளும், மென்மையான மேலண்ணம் ஊதி இளஞ்சிவப்புப் பைபோல வாயோரத்தில் தொங்கும், தொண்டையிலிருந்து குடத்தில் நீர் கொப்பளிப்பது போன்ற ஓசை வரும். முதல்முறை பார்ப்பவர் அதை நோய் என்றே நினைப்பார். சுற்றுலாப் பருவமும் மதகாலமும் ஒரே மாதங்களில் வந்து சேர்ந்திருப்பது இந்தத் தொழிலின் உண்மையான சிக்கல்களில் ஒன்று.

ஆனால் வதையே இல்லை என்று சொல்லமாட்டேன். என் முதல் பயணத்தில், இரண்டாம் நாள் நண்பகலில் சேணத்தை இறக்கியபோது, திமிலின் பக்கவாட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் உரிந்து சிவந்திருந்ததைக் கண்டேன். அந்தப் புண் ஒரே நாளில் உண்டானதில்லை. புறப்படும் முன் நானே பார்த்திருக்கவேண்டும். பயணத்தை ஏற்பாடு செய்தவரிடம் திரும்பிவந்து முறையிட்டபோது, “எல்லா ஒட்டகத்துக்கும் இருப்பதுதான்” என்றார். மீதி நாட்கள் நான் நடந்தேன் என்பது அந்த விலங்குக்குச் செய்த மிகச் சிறிய ஈடு. அன்றுமுதல், ஏறுவதற்கு முன் சேணத்தைக் கழற்றச்சொல்லி முதுகையும், அருகில் போய் மூக்கையும் பார்க்காமல் நான் ஒப்புக்கொள்வதில்லை. துளையில் சீழோ ஈரமோ இருந்தால் அந்த ஒட்டகம் வேண்டாம். நம் மாட்டுக்கு மூக்கணாங்கயிறு எப்படியோ அப்படித்தான் ஒட்டகத்துக்கு அந்தக் கட்டை. கயிறு எப்போதும் தளர்ந்து தொங்கவேண்டும். இழுத்தால் மூக்கு கிழிவதற்கு முன் அறுந்துவிடும்படி நடுவே மெல்லிய நூலைக் கட்டும் ஒட்டகக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப்பிடிக்கவேண்டும். ஒரே ஒட்டகத்தின் மேல் இருவரை ஏற்றுவதும், நண்பகல் வெயிலில் நடத்துவதும் கண்டால் அங்கேயே மறுத்துவிடுங்கள்.

அப்படியானால் போகாமலே இருந்துவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். எனக்கு இதில் திட்டவட்டமான கருத்து உண்டு. 1980களின் தொடக்கத்தில் இந்தியாவில் பத்து லட்சத்துக்கும் மேல் ஒட்டகங்கள் இருந்தன. 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பில் அது சுமார் 2.5 லட்சமாகிவிட்டது. ராஜஸ்தானில் மட்டும், 2012இல் 3.26 லட்சமாக இருந்தது 2019இல் 2.13 லட்சமாகக் குறைந்தது. ஏர் இழுத்த வேலையை டிராக்டர் எடுத்துக்கொண்டது, சுமை இழுத்த வேலையை லாரி எடுத்துக்கொண்டது. இந்திரா காந்தி கால்வாய் வந்து மேய்ச்சல்நிலம் வயலாயிற்று. ‘ஓரண்’ என்று தெய்வத்தின் பெயரால் மரம் வெட்டாமல் காக்கப்பட்ட மேய்ச்சல்காடுகளை, நம் கோவில்காடுகளைப் போன்றவற்றை, இன்று மின்திட்டங்கள் நெருக்குகின்றன. நீங்கள் பார்த்த காற்றாலைகளை அந்தக் கதையின் ஒரு பகுதியாகப் பார்க்கவேண்டும். அவற்றின் மின்கம்பிகளில் மோதித்தான், இருநூறுக்கும் கீழாகிவிட்ட கானமயில் என்ற பெரும்பறவைகளும் சாகின்றன.

அரசு இதைக் கவனிக்காமல் இல்லை. 2014இல் ஒட்டகத்தை மாநில விலங்காக அறிவித்தார்கள். 2015இல் ஒட்டகத்தைக் கொல்வதைத் தடைசெய்து, மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோவதையும் கட்டுப்படுத்திச் சட்டம் இயற்றினார்கள். நல்ல நோக்கத்தோடு செய்ததுதான். ஆனால் வெளிமாநில வியாபாரிகள் வருவது நின்றதும் ஆண் கன்றுக்கு விலை இல்லாமல் போயிற்று. தலைமுறை தலைமுறையாக ஒட்டகம் வளர்ப்பதையே தங்கள் பிறவிக்கடமையாகக் கொண்ட ராய்கா சமூகத்தினர் மந்தையைக் கைவிடுவது இன்னும் விரைவாயிற்று. வீட்டு விலங்கு மனிதனோடு செய்துகொண்ட ஏற்பாடு உழைப்பின் மேல் நிற்கிறது. வேலை இல்லாத ஒட்டகத்துக்கு அந்த நிலத்தில் தீனி போடுவார் இல்லை. அதற்கு இன்று எஞ்சியிருக்கும் வேலைகளில் நம்மைச் சுமப்பதும் ஒன்று. அந்த வேலையை நோகாமல் செய்யவைக்கும் ஒட்டகக்காரருக்கு நம் பணம் போய்ச்சேரவேண்டும் என்பதற்காகவே, சாமில் அரைமணி நேரம் ஏறி இறங்குவதைவிட, நான்கைந்து நாட்கள் ஒரே ஆளோடு போவதை நான் வற்புறுத்துகிறேன். முடிந்தால் நகரத்து ஏற்பாட்டாளரைத் தவிர்த்து, கூரி போன்ற ஊர்களில் ஒட்டகத்துக்கு உரியவரிடமே பேசி முடிவுசெய்யுங்கள்.

அப்பாவைத் தடுக்கவேண்டாம். ஆனால் அவருடைய முழங்காலையும் இடுப்பையும் முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். ஒட்டகம் எழும்போது பின்னங்காலைத்தான் முதலில் உயர்த்தும், ஏறியிருப்பவர் முன்னால் தூக்கி வீசப்படுவார். அந்த நொடியில் பின்னால் சாய்ந்து சேணத்தைப் பற்றவேண்டும். அமரும்போது முன்னங்கால் முதலில் மடியும், அப்போதும் அவ்வாறே. கால்வைக்க வளையம் உள்ள சேணத்தைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் கால்கள் தொங்கித் தொங்கி மூன்றாம் நாள் இடுப்பு மரத்துவிடும். ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் ஒருசேர எடுத்துவைக்கும் விலங்கு என்பதால் உடம்பு பக்கவாட்டில் ஆடிக்கொண்டே இருக்கும். காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம், அதில் பாதி நடை என்று வைத்துக்கொண்டால் அவருக்குத் தாங்கும். நண்பகல் நான்கு மணி நேரம் மரநிழலில் படுத்திருக்கட்டும். கம்பு ரொட்டியும், வன்னிக்காயோடு கேர் காயைச் சேர்த்துச் சமைத்த கறியும் அவருக்குப் பிடிக்கும் என்று நினைக்கிறேன்.

டிசம்பர், ஜனவரி வேண்டாம். இரவுக்குளிர் வயதானவருக்கு ஒத்துக்கொள்ளாது, மதகாலமும் அப்போதுதான். பிப்ரவரியின் பின்பாதியில் அனுப்புங்கள். பகல் வெயில் இன்னும் ஏறியிருக்காது, ஒட்டகங்களும் அடங்கத் தொடங்கியிருக்கும். ரோஹிடா மரங்கள் இலையை மறைத்துக்கொண்டு செம்மஞ்சளாகப் பூக்கத் தொடங்குவதும் அந்த வாரங்களில்தான்.