'யுனிவர்சல் கன்வெர்ட்டர்' ஒன்றே எல்லாவற்றுக்கும் போதுமா?

கேள்வி: மூன்று மாதம் அமெரிக்காவில் மகள் வீட்டில் தங்கிவிட்டு, திரும்பும் வழியில் ஒரு வாரம் லண்டனில் இருக்கப்போகிறோம். லேப்டாப், போன்கள், கணவர் தூங்கும்போது மூச்சு தடைபடாமல் இருக்க மாட்டிக்கொள்ளும் சிபாப் கருவி, ஹேர் டிரையர், 1500 வாட் கெட்டில் ஆகியவற்றை எடுத்துப்போகிறோம். எங்கள் வீட்டில் 230 வோல்ட். கடையில் உள்ளங்கை அளவில் 'யுனிவர்சல் கன்வெர்ட்டர், 1600 வாட்' என்று ஒன்றைக் காட்டி, இது ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். நீங்கள் சொன்ன ஐந்து வகைப் பொருள்களில் மூன்றுக்கு கன்வெர்ட்டரே தேவைப்படாது. மீதி இரண்டுக்கு இந்தக் கன்வெர்ட்டர் உதவாது.

கடையில் காட்டுவது இரண்டில் ஒன்றாகத்தான் இருக்கும். ஒன்று, பின்களின் வடிவத்தை மட்டும் மாற்றும் சாதாரண அடாப்டர்; அட்டைப்பெட்டியில் மட்டும் 'கன்வெர்ட்டர்' என்று அச்சடித்திருப்பார்கள். இல்லையென்றால், நிஜமாகவே வோல்டேஜைக் குறைக்கும் பெட்டி. 'குறைக்கும்' என்பதைக் கவனியுங்கள். 120 வோல்ட் பொருளை 230 வோல்ட் நாட்டுக்குக் கொண்டுவருபவருக்காகச் செய்தது அது. உள்ளே இருக்கும் மின்னணு சுவிட்ச் மின்சாரத்தின் ஒவ்வொரு அலையிலும் ஒரு பகுதியை வெட்டிவிட்டு மீதியை அனுப்பும். கத்தரிக்கோலுக்கு வெட்டத்தான் தெரியும், துணியை நீட்டத் தெரியாது. லண்டனில் நம் வீட்டைப் போலவே 230 வோல்ட்தான்; அமெரிக்காவோ 120 வோல்ட் நாடு. அங்கே உங்களுக்கு வேண்டியது வோல்டேஜை ஏற்றும் கருவி. 1500 வாட்டைத் தாங்கும்படி ஏற்றுவதற்கு இரும்பும் தாமிரமும் சேர்ந்த டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது நாலைந்து கிலோ இருக்கும். கையில் தூக்கிப் பாருங்கள். சோப்புக்கட்டி கனம்தான் என்றால், 1600 வாட் என்று எழுதியிருப்பதை மறந்துவிடுங்கள்.

இப்போது லேபிளுக்கு வருவோம். லேப்டாப் சார்ஜரைத் திருப்பிப் போட்டால் கறுப்பு பிளாஸ்டிக்கில் சாம்பல் நிறப் பொடி எழுத்துகள் தெரியும். எவரும் படித்துவிடக் கூடாது என்றே அச்சடித்ததுபோல இருக்கும். போனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். 'இன்புட்' என்று தொடங்கும் வரியை மட்டும் பாருங்கள். 'அவுட்புட்' வரியில் இருக்கும் 5 வோல்ட், 20 வோல்ட் எல்லாம் சார்ஜர் வெளியே தருவது, அதற்கும் நாட்டுக்கும் சம்பந்தமில்லை. இன்புட் வரியில் '100-240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ்' என்றிருந்தால் அது எந்த நாட்டு மின்சாரத்தையும் ஏற்கும். பின் பொருந்தினால் போதும். '220-240' என்று மட்டும் இருந்தால் அமெரிக்காவுக்கு ஆகாது. லேப்டாப், போன் சார்ஜர்கள் அநேகமாக முதல் வகை. சிபாப் கருவிகளின் பவர் பெட்டியும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனாலும் மருத்துவக் கருவி என்பதால் அதன் லேபிளைக் கட்டாயம் படித்துவிடுங்கள்.

கெட்டிலின் கணக்கு வேறு. சூடேற்றும் கம்பியில் வோல்டேஜ் பாதியானால் வாட் பாதியாகாது, காலாகும். உங்கள் 1500 வாட் கெட்டில் 120 வோல்ட்டில் சுமார் 400 வாட்தான் தரும். மூன்றரை நிமிடத்தில் கொதிக்கும் ஒரு லிட்டர் தண்ணீருக்குப் பதிமூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். கெட்டில் கெடாது, உங்கள் பொறுமைதான் கெடும். டிரான்ஸ்ஃபார்மர் போட்டு முழு 1500 வாட்டும் எடுத்தால் சுவரிலிருந்து 12.5 ஆம்பியர் இழுக்கும்; அங்கே சாதாரண பிளக் பாயின்ட்டே 15 ஆம்பியர்தான். அதே வயரில் இன்னொரு பொருள் ஓடிக்கொண்டிருந்தால் பிரேக்கர் விழும். கெட்டிலை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

ஹேர் டிரையரில் ஒரு விதிவிலக்கு உண்டு. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பயண டிரையர்கள் சிலவற்றின் கைப்பிடியில் நாணயத்தால் திருப்பும் ஒரு சிறிய திருகு இருக்கும். ஒரு பக்கம் 125, மறுபக்கம் 250. லேப்டாப் சார்ஜரைப்போல இது தானாக மாறாது. நீங்கள்தான் திருப்ப வேண்டும், அதுவும் பிளக்கைக் கழற்றிவிட்டுத்தான். திருகு 250-ல் இருக்க, 120 வோல்ட்டில் செருகினால் வெதுவெதுப்பான காற்று வரும், அவ்வளவுதான். திருகு 125-ல் இருக்க, 230 வோல்ட்டில் செருகினால் மூன்றரை மடங்குக்கும் அதிகமான சூடு. கம்பி சிவந்து சில நொடிகளில் கருகிவிடும். ஆகவே பெட்டியில் வைக்கும்போதெல்லாம் திருகு 250-ல் இருக்கட்டும். அமெரிக்கா போனபின் 125-க்குத் திருப்புங்கள். லண்டனுக்குக் கிளம்ப, துணியை மடிக்கும் அன்றே மறுபடி 250-க்குத் திருப்பிவிடுங்கள். லண்டனில் ஈரத்தலையோடு அவசரமாகச் செருகும்போது திருகின் ஞாபகம் யாருக்கும் வராது. குறி நடுவில் நிற்காமல் கடைசி வரை திரும்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். அப்படித் திருகு இல்லாத டிரையர் என்றால், மகளிடம் கேட்டு அங்கே இருப்பதைப் பயன்படுத்துங்கள்.

இனி அடாப்டர். வழவழவென்று நாலு நாட்டுப் பின்களும் உள்ளிருந்து நீளும் கட்டையை எல்லாரும் விரும்புகிறார்கள். அதன் அளவு ஆம்பியரில்தான் இருக்கும், வாட்டில் அல்ல. 6 ஆம்பியர் கட்டை 230 வோல்ட்டில் 1380 வாட் தாங்கும், அதுவே 120 வோல்ட்டில் 720 வாட்தான். பெட்டியின் முகப்பில் போடுவது பெரிய எண்ணை மட்டும். 1200 வாட் பயண டிரையர் அமெரிக்காவில் 10 ஆம்பியர் இழுக்கும். 6 ஆம்பியர் கட்டையில் மாட்டினால் உள்ளே ஃபியூஸ் போகும், ஃபியூஸ் இல்லாத மட்டமான சரக்கு என்றால் கட்டையே உருகும்.

இதைவிட மோசமான விஷயம் எர்த். இந்தக் கட்டைகளில் பெரும்பாலானவற்றுக்கு எர்த் தொடர்பே கிடையாது. லண்டனுக்கான மூன்று பின்களில் நீளமான எர்த் பின்னை விரலால் தட்டிப் பாருங்கள்; பலவற்றில் வெறும் பிளாஸ்டிக். சுவரில் இருக்கும் பாதுகாப்பு மூடியைத் திறக்க மட்டுமே அது இருக்கிறது. உலோக உடல் கொண்ட லேப்டாப்பை இதில் சார்ஜ் போட்டு மூடியில் விரலை மெல்லத் தேய்த்தால், சொரசொரவென்று ஒரு கூச்சம் தெரியும். சார்ஜருக்குள் மின் இரைச்சலை வடிகட்டும் கெப்பாசிட்டர் வழியாகக் கசியும் சொற்ப மின்சாரம், போய்ச் சேர எர்த் இல்லாமல் லேப்டாப் உடலில் நிற்கிறது. நல்ல சார்ஜரில் அது ஆபத்தான அளவில்லை. ஆனால் உலோக உடம்பும் மூன்று பின்னும் உள்ள எந்தப் பொருளையும் எர்த் இல்லாமல் மாட்டக் கூடாது.

இதற்கு எளிய வழி இருந்தும் கடைக்காரர் சொல்லமாட்டார், அதில் லாபம் குறைவு. லேப்டாப், சிபாப் இரண்டின் பவர் பெட்டியிலும் சுவருக்குப் போகும் ஒயர் பெரும்பாலும் தனியாகக் கழன்று வரும். பெட்டியில் செருகும் முனை மூன்றிதழ் போலவோ எட்டு போலவோ இருக்கும். அந்த வடிவங்கள் உலகமெங்கும் ஒன்றே. அமெரிக்கப் பிளக் கொண்ட ஒயர் ஒன்று, லண்டன் பிளக் கொண்ட ஒயர் ஒன்று வாங்கி மாட்டினால் அடாப்டரே வேண்டாம், மூன்றிதழ் முனை என்றால் எர்த்தும் முறையாகக் கிடைக்கும். லண்டன் ஒயரின் பிளக்குக்குள்ளேயே ஃபியூஸ் இருக்கும். லேப்டாப்புக்கு 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும். அப்புறம் அந்தக் கட்டை போன்களுக்கு மட்டும்தான். தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு சிரமத்துக்கும் காரணம் ஆளுக்கொரு பிளக். ஆங்கில எழுத்துகளில் ஏ (A) முதல் ஓ (O) வரை 15 வகை இருக்கின்றன. உலகம் முழுவதற்கும் ஒரே பிளக் என்று சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையம் 1986-லேயே ஒரு தரநிலை போட்டது. அதை ஏற்றவை பிரேசிலும் தென்னாப்பிரிக்காவும்தான். பிரேசிலும் பின்னின் தடிமனை மாற்றிவிட்டே ஏற்றது. மற்றவர்கள் இன்னும் குழுக்கூட்டம் போட்டுக்கொண்டிருக்கிறார்கள் போல.

லண்டனுக்கு இரண்டு எச்சரிக்கை. குளியலறையில் 'ஷேவர் மட்டும்' என்று போட்ட இரண்டு துளை பாயின்ட் இருந்தால், அதில் டிரையரைச் செருகப் பார்க்காதீர்கள். அதற்குப் பின்னால் இருக்கும் சிறிய டிரான்ஸ்ஃபார்மர் ஷேவருக்கும் பல்துலக்கும் பிரஷ்ஷுக்கும்தான் தாங்கும். அமெரிக்காவில் சர்ஜ் (திடீரென எகிறும் வோல்டேஜ்) பாதுகாப்பு உள்ள எக்ஸ்டென்ஷன் பெட்டி வாங்கினால் அதை மகள் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். 125 வோல்ட்டுக்குச் செய்த அதன் பாதுகாப்பு வில்லை, 230 வோல்ட் ஏறியதும் வெடித்துப் புகையும்.