வாசகர் கேள்வி பதில்: மூன்று கலம் விதைப்பாடு என்றால் எத்தனை ஏக்கர்?

கேள்வி: எங்கள் ஐயா காலத்துப் பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'கண்மாய்க்குக் கிழக்கே நஞ்சை மூன்று கலம் விதைப்பாடு' என்று இருக்கிறது. பங்காளிகள் விற்றுவிடலாம் என்கிறார்கள். மூன்று கலம் எத்தனை ஏக்கர்? நெட்டில் பார்த்தால் ஆளுக்கொரு கணக்குச் சொல்கிறார்கள்.
– வாசகி, தேவகோட்டை

பதில்: ஆளுக்கொரு கணக்குதான் வரும், ஏனென்றால் விதைப்பாடு என்பது சங்கிலி பிடித்து நீள அகலம் அளந்த கணக்கே இல்லை. அந்த வயலில் விதைக்க எவ்வளவு நெல் வேண்டும், அதுதான். 12 மரக்கால் ஒரு கலம். ஆக உங்கள் வயலுக்கு 36 மரக்கால் விதைநெல் எடுத்துவைக்க வேண்டும் என்று மட்டும்தான் பத்திரம் சொல்கிறது. உழுகிறவனுக்கு அன்றைக்குத் தேவைப்பட்டதும் அந்தக் கணக்குதானே. ஆனால் மரக்கால் எல்லா ஊரிலும் ஒரே அளவு கிடையாது, புழுதியில் நேரே விதைக்கிற வயலுக்கு நாற்றுவிட்டு நடுகிற வயலைவிட விதை கூடுதலாகப் பிடிக்கும், மண்ணும் தண்ணீர் வசதியும் வேறு இருக்கிறது, அதனால் பக்கத்து ஊரில் ஒருவர் 'எங்களுக்குக் கலத்துக்கு இவ்வளவு ஏக்கர் வந்தது' என்று சொல்வதை வைத்து உங்கள் வயலுக்கு விலை பேசிவிடாதீர்கள். தயவுசெய்து, அளந்து பார்க்காமல் முன்பணமும் வாங்காதீர்கள். அளக்கும்போது கூடவோ குறையவோ வந்தால் வாங்குகிறவரோடு மட்டுமல்ல, பங்காளிகளுக்குள்ளேயே மனக்கசப்பு வந்துவிடும்.

அப்புறம் என்னதான் செய்வது? கலத்தை விட்டுவிட்டு அதே பத்திரத்தில் நான்குமால் எல்லை எழுதியிருக்கிறதா பாருங்கள். வடக்கே யார் வயல், தெற்கே எந்த வாய்க்கால் என்று இருக்கும். அந்த வயலை வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்கு, உழுத குடும்பம் ஊரில் இருந்தால் நேரில் கூட்டிப்போய்க் காட்டச் சொல்லுங்கள், வரப்பு வரப்பாகச் சொல்வார்கள். இடம் பிடிபட்டதும் புல எண்ணை, அதாவது சர்வே நம்பரை, கண்டுபிடியுங்கள். ஜமீன் கிராமங்கள் ரயத்துவாரிக்கு, அதாவது நிலக்காரர் நேரே அரசாங்கத்துக்கே வரி கட்டுகிற முறைக்கு, மாறியது 1948-ம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு. ஐயாவின் பத்திரம் அதற்கு முந்தியது என்றால் புல எண் இல்லாமலே இருக்கலாம், பயப்பட வேண்டாம். கிராம நிர்வாக அலுவலரிடம் ஊர் நிலங்களின் விவரம் இருக்கும் அ-பதிவேட்டில் பழைய புல எண்ணும் புதிய உட்பிரிவும் பார்க்கலாம், புலப்படமும் வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு பணம் கட்டி சர்வேயரை வைத்து அளந்துவிடுங்கள். அந்த அளவுதான் கிரயத்துக்குச் செல்லும்.

இன்னொன்று. ஐயா காலத்துப் பெட்டகத்தில் பர்மாவில் இருந்த நிலத்தின் காகிதங்களும் சேர்ந்தே கிடக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. அங்கே வெள்ளைக்காரன் கணக்கில் நிலம் ஏக்கராகவே இருக்கும். அதை எடுத்து ஊர் நிலத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: மகளைத் தஞ்சாவூர்ப் பக்கம் கொடுத்திருக்கிறோம். சம்பந்தி வீட்டில் ஐந்து மா நிலம் அவள் பெயருக்கு எழுதுவதாகச் சொல்கிறார்கள். எவ்வளவு வரும்?
– வாசகர், பள்ளத்தூர்

பதில்: நல்ல சம்பந்தி! டெல்டாவில் இந்தக் கணக்கு விதைப்பாடு மாதிரி இல்லை, கோல் வைத்து அளந்தது. 12 அடிக் கோலால் ஒரு கோல் நீளம் ஒரு கோல் அகலம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. மூன்று மா ஒரு ஏக்கர் என்று வாய்க்கணக்காகச் சொல்வார்கள், கிட்டத்தட்ட சரிதான், துல்லியமாகப் பார்த்தால் ஒரு மா 33 சென்ட். உங்கள் ஐந்து மா 72,000 சதுர அடி, ஒரு ஏக்கர் 65 சென்ட் வரும்.

குழி என்று எங்கே கேட்டாலும் எத்தனை அடிக் கோல் என்று கேட்டுவிடுங்கள். சென்னை, செங்கல்பட்டுப் பக்கம் 24 அடிக் கோல், அங்கே ஒரு குழி 576 சதுர அடி. அந்தக் குழி நூறு சேர்ந்தால் ஒரு காணி, 57,600 சதுர அடி, ஒரு ஏக்கர் 32 சென்ட். தஞ்சாவூர்க் கணக்கில் சரியாக நாலு மா. சென்னையில் கிரவுண்டு என்கிறார்களே 2,400 சதுர அடி, அது 24 சேர்ந்தாலும் இதே காணிதான்.

கேள்வி: எங்கள் சிட்டாவில் 0 - 32.50 என்று இருக்கிறது. பத்திரத்தில் 80 சென்ட். 48 சென்ட் எங்கே போனது?
– வாசகர், புதுவயல்

பதில்: எங்கேயும் போகவில்லை. சிட்டாவில் இருப்பது சென்ட் இல்லை, ஹெக்டேரும் ஏரும். கோட்டுக்கு முன்னால் ஹெக்டேர், பின்னால் ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். 32.50-ஐ அதனால் பெருக்கிப் பாருங்கள், 80 சென்ட்டுக்குத் துளி கூடுதலாகவே வரும்.